திங்கட்கிழமை ராத்திரிக் கழுத்துவலி

மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் உதிரி மல்லிகை வாங்கிவந்து கட்டி விற்கும் ஒரு அம்மா, கழுத்துவலி என்று என்னிடம் வந்தார். வயது 50-ஐத் தாண்டியிருக்கும். எக்ஸ்ரேயில் அந்த வயதுக்குரிய தேய்மானம்தான், பெரிதாக ஒன்றுமில்லை. ஒத்தடமும் பயிற்சியும் கொடுத்தால் நாலு நாள் தேவலாம் என்பார். அடுத்த வாரம் அதே வலியோடு வந்து நிற்பார். மூன்றாவது வாரம்தான் கேட்டேன்: "என்னைக்கும்மா ரொம்ப வலிக்குது?"

"திங்கக்கெழம ராத்திரி தம்பி. செவ்வாக்கெழம குழுக் கடன் தவணை கட்டணும்ல."

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. எங்களைப் போன்ற பிசியோதெரபிக்காரர்கள் எலும்பைப் பார்ப்போம், தசையைப் பார்ப்போம். கிழமையைப் பார்ப்பதில்லை.

அப்புறம்தான் அவர் உட்கார்ந்திருந்த விதமே கண்ணில் பட்டது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. பல்லைக் கடித்திருந்தார். வயிறு அசையவில்லை, மூச்சு நெஞ்சின் மேல்பாதியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 24. சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரைதான் இருக்கும். பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், மூச்சு மேலேறும். அப்படி மேல்மூச்சு வாங்கும்போது விலா எலும்பைத் தூக்கிக்கொடுக்கும் வேலை கழுத்துத் தசைகளுக்கு வந்து சேரும். நாய் துரத்தினால் இரண்டு தெரு ஓடியதும் எல்லாம் அடங்கிவிடும். தவணை வாராவாரம் துரத்துகிறது.

"கவலைப்படாதீங்க" என்று சொல்லி யாருடைய கவலையும் நின்று நான் பார்த்ததில்லை. உடம்பு வழியாகப் போனால் கொஞ்சம் வழி கிடைக்கிறது. மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை ஓடும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் கீழேயிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. தோள் இறுகி, மூச்சு முட்டிக் கிடந்தால் 'இன்னும் ஆபத்து இருக்கு' என்றே மேலே தகவல் போகும். மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விட்டால் அந்த நேரம் இதயத் துடிப்பு சற்று இறங்கும். நாம் பிடித்துக்கொள்ளக்கூடிய நூல் அதுதான்.

இதைத் தெரிந்துவைத்துக்கொண்டும் முதலில் தப்புப் பண்ணினேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில், "தம்பி, நெஞ்ச அடைக்குது" என்று எழுந்துவிட்டார். பதற்றம் உள்ள சிலருக்கு மூச்சை உற்றுப் பார்ப்பதே பயத்தைக் கூட்டும். அவர்களுக்குக் கண் திறந்தே இருக்கட்டும், கவனம் கைக்கோ காலுக்கோ போகட்டும்.

அடுத்த முறை பூவும் நாரும் கொண்டுவரச் சொன்னேன். வழக்கம்போலக் கட்டினார். அந்த வேகத்தில் எனக்கு விரலே தெரியவில்லை. "கட்டும்போது என்னம்மா நினைப்பீங்க?" என்றேன். "கை அதுபாட்டுக்குக் கட்டும். புத்தி எங்கிட்டோ கெடக்கும்." பாதி வேகத்தில் கட்டச் சொன்னேன். ஈரமான வாழைநார் விரலில் வழுக்குவது, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டாகக் காம்புகள் சேர்வது, முடிச்சு இறுகும்போது கட்டைவிரலில் விழும் அழுத்தம், இது மட்டும்தான் கவனம். முடிச்சு இறுகும்போது மூச்சு வெளியே. ஒரு முழம் முடிவதற்குள் தோள் தானாகக் கீழே வந்திருந்தது. நான் தொடவில்லை.

பூ கட்டத் தெரியாதவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பதித்து, தோளைக் காதுவரை ஏற்றி ஐந்து நொடி இறுக்கிப் பிடித்து, பிறகு பெருமூச்சோடு கீழே விடுங்கள். நாலைந்து தடவை போதும். இறுக்கித் தளர்த்தும் இந்த முறையை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களிலேயே எழுதிவைத்தார். இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தளர்வு பிடிபடும். இன்னொன்று, மொட்டைமாடியில் இருபதடி மெதுநடை. குதிகால், பாதம், விரல் என்று எடை மாறுவதை மட்டும் பாருங்கள். நினைப்பு ஓடினால் திட்டிக்கொள்ளாமல் காலுக்குத் திரும்புங்கள். தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடக்கிறவர்களில் பாதிப்பேர் போனில் சண்டை போட்டுக்கொண்டே நடக்கிறார்கள். காலுக்கு அது நல்லதுதான். நான் சொல்வது அந்த நடை இல்லை.

அந்த அம்மாவின் கடன் குறைந்துவிடவில்லை. ஆனால் "பணம் கட்டலைனா மானம் போயிரும்" என்று சுற்றிக்கொண்டிருந்த பேச்சு, ஒரு திங்கட்கிழமை, "குழு லீடரம்மாகிட்ட ஒரு வாரம் டைம் கேட்டுப் பாக்கணும்" என்று மாறியது. கழுத்து இன்னும் வலிக்கிறது, முன்புபோல இல்லை.

ஒன்று கவனியுங்கள். நெஞ்சுவலி இடதுகைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், பதற்றம் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்றிருந்தால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.