மூன்று பேர் ஆடும் லிமிட் ஹோல்டெமில் சீட்டைக் கவிழ்ப்பது ஏன் நஷ்டம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண வீட்டு இரவுகளில் வளவில் ஜமுக்காளம் விரித்துச் சீட்டு போடுவது புதிதல்ல. இப்போது ரம்மிக்குப் பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளைகள் ஹோல்டெம் என்ற போக்கர் ஆடுகிறார்கள்: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து, இவற்றில் சிறந்த ஐந்து சேர்ந்த கை வெல்லும். ஆட்களோ மூன்று நான்கு பேர்தான். பந்தயம் புளியங்கொட்டை. அதுவே நல்லது: ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடுத்துவிட்டது, கணக்கைப் புரிந்துகொள்ளக் கொட்டையே போதும்.

லிமிட் ஆட்டத்தில் பந்தயத்தின் அளவு நம் கையில் இல்லை. கைச் சீட்டு வந்ததும் ஒரு சுற்று, நடுவில் முதல் மூன்று சீட்டு விழும் பிளாப்பில் ஒரு சுற்று; இந்த இரண்டு சுற்றில் ஒரு பெட் 2 கொட்டை, நான்காம் சீட்டான டர்னிலும் ஐந்தாம் சீட்டான ரிவரிலும் 4. ஒரு சுற்றில் ஒரு பெட்டும் அதை உயர்த்தும் மூன்று ரெய்ஸும்தான், அதற்கு மேல் கிடையாது. சீட்டு போடுமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்தான் பிளைண்ட்: சின்ன பிளைண்டுக்கு 1, பெரிய பிளைண்டுக்கு 2. மிரட்டி விரட்ட மலைபோல் கொட்டையைக் குவிக்க முடியாது என்பதால் முடிவெல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: நடுவில் கிடப்பதற்கு நான் கட்டும் விலை சரியா?

ஆள் குறையும்போது முதலில் மாறுவது காத்திருப்பின் செலவு. பத்துப் பேர் ஆடினால் கைக்குச் சராசரி 0.3 கொட்டை பிளைண்டில் போகும். மூன்று பேர் என்றால் முழுதாக 1 கொட்டை. ஏஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவர் சும்மா இருந்தே கரைவார். எதிர்க் கைகளும் அவ்வளவு பலமாக இராது. உங்களிடம் ஏஸ் இல்லாதபோது ஒன்பது எதிராளிகளில் ஒருவரிடமாவது ஏஸ் இருக்க 84% வாய்ப்பு. எதிராளிகள் இருவரே என்றால் 29%. ஜோடியில்லாத இரண்டு சீட்டு பிளாப்பில் ஜோடி சேராமல் போவது மூன்றில் இரண்டு முறை. ஆகவே ராஜாவும் ஒரு சில்லறைச் சீட்டும் பத்துப் பேரிடையே குப்பை, மூவரிடையே ஆடத்தக்க கை.

ஒரு கையை முழுதாகப் பார்ப்போம். சீட்டு போடும் இடத்தில் மெய்யப்பன், 4-க்கு ரெய்ஸ் செய்கிறார். சின்ன பிளைண்ட் வள்ளியப்பன் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார். பெரிய பிளைண்டில் சிகப்பி ஆச்சி; கையில் ஆர்ட்டின் 9, 8. நடுவில் 7 கொட்டை கிடக்கிறது, ஆச்சி இன்னும் கட்ட வேண்டியது 2. ஒன்பதில் இரண்டு பங்கு, அதாவது 22% வெல்ல முடிந்தால் போதும். எல்லாரும் வெறுக்கும் 7-2 என்ற கை கூட என்னவென்றே தெரியாத ஒரு கைக்கு எதிரே ஏறக்குறைய 35% வெல்லும். மெய்யப்பனின் கை என்னவென்றே தெரியாத கையல்ல, ரெய்ஸ் செய்த கை. ஆச்சி ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச வேண்டியவரும்கூட. அதனால் 7-2-ஐக் கவிழ்ப்பது சரி. 9, 8-ஐக் கவிழ்ப்பது வீண்.

பிளாப்: ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 4, கிளாவர் 2. ஆச்சி செக் (எதுவும் வைக்காமல் விடுகிறார்), மெய்யப்பன் 2 கட்டுகிறார். நடுவில் 11, விலை 2, அதாவது 5.5-க்கு 1. இன்னொரு ஆர்ட்டின் விழுந்தால் ஆச்சிக்கு ஐந்தும் ஒரே இனம். பார்க்காத 47 சீட்டில் ஆர்ட்டின் சீட்டு 9, மற்றவை 38: 4.2-க்கு 1. தாராளமாகக் கால், அதாவது அவர் கட்டியதை ஈடுகட்டி ஆட்டத்தில் நிற்கலாம். இதுவே நான்கு சீட்டுக்கு மட்டும் காத்திருக்கும் நடுவில் ஓட்டை விழுந்த ஸ்ட்ரெயிட் (ஐந்து சீட்டு வரிசை) என்றால் 10.75-க்கு 1, அந்த விலைக்கு வாங்கக் கூடாது.

டர்னில் ஸ்பேட் ஜாக்கி. பெட் இப்போது இரட்டிப்பு. 13-உடன் மெய்யப்பனின் 4 சேர்ந்து 17, விலை 4.25-க்கு 1. ஆர்ட்டினுக்கான வாய்ப்போ 4.11-க்கு 1. மயிரிழையில் லாபம்! பிளாப்பில் தாராளமாக இருந்த விலை இங்கே இறுகிவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை.

ரிவரில் டைமன் 8. ஆர்ட்டின் சேரவில்லை, எட்டில் ஜோடி மட்டும். மெய்யப்பன் மூன்றாவது முறையும் கட்டுகிறார். "ராஜா இருக்குமோ?" என்று மனம் பதறும் இடம் இது. நடுவில் 25, விலை 4. இருபத்தொன்பதில் நான்கு பங்கு, சுமார் 14% முறை அவர் வெறுங்கையோடு மிரட்டினாலே கால் செய்வது நஷ்டமில்லை. தவறாகக் கால் செய்தால் போவது 4. தவறாகக் கவிழ்த்தால் போவது 25. மெய்யப்பன் பக்கத்துக் கணக்கு இன்னும் கூர்மையானது: 21-ஐப் பிடிக்க 4 வைக்கிறார், ஆகவே ஆச்சி 16%-க்கு மேல் கவிழ்த்தாலே எந்தக் குப்பையோடும் மிரட்டுவது லாபம். பந்தயத்துக்கு வரம்பில்லாத நோ-லிமிட்டில் பாட் (நடுவில் கிடப்பது) அளவுக்கே பந்தயம் வைக்கலாம். அங்கே பாதிக் கைகளைக் கவிழ்த்தாலும் குற்றமில்லை. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து கெட்டவர்கள் நிறைய.

இந்தக் கணக்கு மிரட்டலையாவது வெல்லும் கைக்கே பொருந்தும். எட்டுக்குப் பதில் ஒன்றுமே சேராமல் 9 மட்டும் மிஞ்சியிருந்தால் அது மெய்யப்பனின் வெற்று ராணியிடமும் தோற்கும், விலை மலிவு என்று வாங்க முடியாது. வள்ளியப்பனும் ஆட்டத்தில் இருந்திருந்தால் மிரட்டல் மதிப்பிழக்கும்: அதே 16% கிடைக்க இருவரும் தனித்தனியே 40% கவிழ்க்க வேண்டும். நாலு கொட்டைதானே என்று யாராவது ஒருவர் பார்த்துவிடுவார்.

மெய்யப்பனைப் போலக் கடைசியில் பேசுபவருக்கு ஒரு மலிவான வழி உண்டு. ஆர்ட்டினுக்குக் காத்திருப்பவர் அவராக இருந்து, எதிராளி பிளாப்பில் 2 கட்டினால் 4-க்கு ரெய்ஸ் செய்யலாம். பயந்து டர்னில் செக் செய்தால் தானும் செக் செய்து ரிவரை இலவசமாகப் பார்க்கலாம். கூடுதலாகப் போனது 2, மிச்சம் 4. எதிராளி மறுபடி ரெய்ஸ் செய்தால் பிளாப்புக்கே 6 போய்விடும், டர்னிலும் இலவசம் இல்லை.

இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2015-இல் கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்த்தது. அவர்கள் நிரலின் பெயர் செபியஸ். 4,800 செயலிகள் 68 நாள் அதைத் தன்னோடு தானே ஆடவைத்தன. ஒவ்வொரு முடிவுக்குப் பின்னும் 'மற்றதைச் செய்திருந்தால் எவ்வளவு கூடியிருக்கும்' என்ற வருத்தக் கணக்கை எழுதி, வருத்தம் கூடிய பக்கம் சாய்ந்துகொண்டே போனது. கிடைத்த ஆட்டத்தை எவ்வளவு கெட்டிக்காரர் எதிர்த்தாலும் சராசரியில் கைக்குப் பெரிய பிளைண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட எடுக்க முடியாது. சீட்டு போடுபவர் முதலில் வெறும் கால் செய்வதை அது ஏறக்குறைய விட்டேவிட்டது. ஆடினால் ரெய்ஸ், இல்லையேல் கவிழ்ப்பு. எதிர்ப்பக்கத்தில் மனிதர்கள் வழக்கமாக வைத்துக்கொள்வதைவிடப் பரவலான கைகளை வைத்துக்கொள்கிறது.

மூவர் ஆட்டத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஒருவர் செய்யும் தவறின் லாபம் மூன்றாமவருக்குப் போய்விடலாம். உங்கள் வீட்டு ஆட்டத்தில் அதிகம் கவிழ்க்கிறீர்களா என்று பார்க்க ஒரு நோட்டுப் போதும். ரிவரில் கவிழ்த்த ஒவ்வொரு முறையும் நடுவில் கிடந்தது, விலை, உங்கள் கை மூன்றையும் எழுதி, "அண்ணே, இப்ப காட்டுங்களேன்" என்று கேட்டுவிடுங்கள். புளியங்கொட்டைக்கு ஆடும்போது யாரும் மறுக்க மாட்டார்கள். மேலே சொன்ன அளவுள்ள பாட்டில் 29 முறை கவிழ்த்ததில் நான்கிற்கு மேல் உங்கள் கையே பெரியதாக இருந்திருந்தால், நீங்கள் கவிழ்ப்பது அதிகம்.