பிரவுசருக்குள் ஓடும் 1983 கன்சோல்

"கார்ட்ரிட்ஜ் சொருகி டிவியில் ஆடிய பழைய மரியோ, இப்போது எதையும் இன்ஸ்டால் செய்யாமலே பிரவுசரில் ஓடுகிறதே! யாராவது அதைப் புதிதாக எழுதினார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இல்லை. 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். கார்ட்ரிட்ஜின் சிப்புகளில் இருந்த அதே பைட்டுகள்தான் ஒரு ஃபைலாக பிரவுசருக்கு வருகின்றன. புதிதாக எழுதப்பட்டது கன்சோல். நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்றும், பிறகு வெளிநாடுகளில் என்இஎஸ் என்றும் விற்ற அந்தப் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரல். இதைத்தான் எமுலேட்டர் என்கிறோம்.

அதில் ப்ராசசர் பகுதி சுலபம். அந்தக் காலத்து 6502 வகை ப்ராசசர், நொடிக்கு சுமார் 17.9 லட்சம் சுழற்சி வேகம். ஒரு பைட்டைப் படி, அது சொல்லும் கட்டளையைச் செய், அடுத்ததற்குப் போ. 2 கிலோபைட் ராம் என்பது நிரலில் 2048 எண்கள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான்.

அப்புறம் வருகிறது திரை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

முழுப் படத்தையும் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பெட்டியில் நினைவகம் கிடையாது. அதனால் படத்துக்கான சிப், பழைய டிவியில் திரையை வரிவரியாக வரையும் எலெக்ட்ரான் கற்றை ஓட ஓட அந்தந்தப் புள்ளியை அந்தந்தக் கணத்திலேயே தயாரித்து அனுப்பும். ஒரு வரிக்கு 341 புள்ளி நேரம், ஒரு படத்துக்கு 262 வரி, நொடிக்கு சுமார் 60 படம். ப்ராசசர் ஒரு சுழற்சி நகர்வதற்குள் இது மூன்று புள்ளி நகர்ந்துவிடும்.

இப்போது மரியோ ஓடுவதைக் கவனியுங்கள். தரையும் குழாய்களும் இடப்பக்கம் நகர்கின்றன. மேலே ஸ்கோர் மட்டும் அசையாமல் நிற்கிறது. ஆனால் பின்னணியை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று சொல்ல அந்தச் சிப்பில் ஒரே ஒரு அமைப்புதான் உண்டு. ஆக, ஸ்கோர் வரையப்படும்வரை அதைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு, படம் பாதியில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். அந்தச் சரியான தருணம் ப்ராசசருக்கு எப்படித் தெரியும்?

ஸ்கோர் வரிசையில் ஒரு காசு இருக்கிறதல்லவா? அதன் அடிப்பகுதியில், அச்சாகப் பொருந்தும்படி பூஜ்ஜியமாவது ஸ்பிரைட்டை (ஸ்பிரைட் என்பது பின்னணியைச் சாராமல் தனியாக நகர்த்தக்கூடிய ஒரு சிறு படம்) ஒளித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்பிரைட்டின் நிறமுள்ள ஒரு புள்ளி, பின்னணியின் நிறமுள்ள ஒரு புள்ளிமேல் விழுந்த உடனே படச் சிப் ஒரு பிட்டை 1 ஆக்கும். ப்ராசசர் வேறு வேலையே பார்க்காமல் அந்தப் பிட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும். 1 ஆனதும் சற்றுப் பொறுத்து, நகர்வை மாற்றிவிடும். கீழே உள்ள உலகம் மட்டும் நகர்கிறது. இவ்வளவு குறைந்த வசதியில் இப்படி ஒரு வழி கண்டுபிடித்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

எமுலேட்டர் எழுதுபவருக்கு இங்கேதான் சோதனை. முதலில் ப்ராசசரை ஒரு படத்துக்கான நேரம் முழுக்க ஓட்டிவிட்டு, பிறகு மொத்தமாக வரைந்துகொள்ளலாம் என்று நினைத்தால், அந்தப் பிட் வரவே வராது. விளையாட்டு அங்கேயே உறைந்துவிடும். ப்ராசசர் ஒரு அடி, படம் மூன்று புள்ளி என்று இரண்டையும் மாற்றி மாற்றி நகர்த்த வேண்டும். நொடிக்கு 53 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். இன்றைய பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டே இதைச் சமாளிக்கும். பிந்தைய, கனமான கன்சோல்களுக்கு 2017 முதல் முக்கிய பிரவுசர்களில் வெப்அசெம்பிளி, அதாவது பிரவுசர் வேகமாக ஓட்டக்கூடிய ஒரு நிரல் வடிவம், இருக்கிறது. சி மொழியில் எழுதிய பழைய எமுலேட்டர்களையே அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

வேகக் கணக்கை மானிட்டரிடம் விட்டால், நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் திரையில் மரியோ தலைதெறிக்க ஓடுவார். அதனால் பலர் ஒலியைக் கடிகாரமாக வைக்கிறார்கள்: ஒலி தீரும் வேகத்துக்கு ஏற்ப அடுத்த படம். பயனர் ஒருமுறை தொடும்வரை பிரவுசர்கள் பொதுவாக ஒலியை விடாது. அதனால்தான் தொடங்க ஒரு பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023 ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்டவற்றை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே திறந்து காட்டப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு கேட்டபோது, 2024-இல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இது தவறான முடிவு. நூலகங்களுக்கு அந்த அனுமதியும், கூடவே நிதியும் கிடைக்க வேண்டும்.

சட்டச் சிக்கல் இல்லாமல் முயன்று பார்க்க விரும்பினால், ஆர்வலர்கள் இன்றும் என்இஎஸ்ஸுக்காகப் புதிதாக எழுதி இலவசமாக வெளியிடும் விளையாட்டுகளிலிருந்து தொடங்கலாம். நகரும் பின்னணிமேல் அசையாத ஸ்கோர் வரிசை தெரிந்தால், அதில் ஏதாவது ஸ்பிரைட் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.