டோஸ் – கதிர் ஏற்பளவு

'டோஸ்' என்பதன் வேர் கிரேக்க மொழியின் 'டோசிஸ்', பொருள், கொடுத்தல். மருத்துவர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தை அது குறித்தது. நமக்கும் 'மருந்தளவு' உண்டு. (மேலதிகாரி 'டோஸ் விட்டார்' என்பது நாமே சேர்த்த பொருள். அதுவும் கொடுப்பதுதான்!)

கதிரியலில் இந்தச் சொல் கொடுப்பவரை விட்டு வாங்குபவர் பக்கம் போய்விட்டது. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால், அது ஒரு கிரே. ஆகவே 'கதிர்வீச்சு அளவு' என்பதைவிட 'கதிர் ஏற்பளவு' என்பதே பொருந்தும். முன்னது, எக்ஸ்-கதிர்க் குழாயிலிருந்து புறப்படுவதா உடலில் தங்குவதா என்று சொல்வதில்லை.

குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. கோவையிலோ ஈரோட்டிலோ சி.டி. அறையில், "தம்பி, டோஸ் அதிகங்களா?" என்று யாராவது கேட்டால், ஊழியர் திரையைப் பார்த்து மில்லிகிரேயில் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண் கேட்டவருடைய உடலுக்கு உரியது அன்று. 16 அல்லது 32 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் உருளையை வைத்துக் கணக்கிட்டது. காங்கேயத்திலிருந்து வந்த ஒல்லியான ஆத்தாவுக்கும் பருத்த உடம்புக்காரருக்கும் ஒரே அமைப்பில் வயிற்று ஸ்கேன் எடுத்தால், திரையில் ஒரே எண்தான் வரும். ஆத்தாவின் உடல் ஏற்பதோ கூடுதல். இதைத் திருத்திக் கணக்கிடும் முறையை அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011-இல் வெளியிட்டது.

பக்கத்தில் இருக்கும் இன்னோர் எண், ஸ்கேன் நீளத்தையும் பெருக்கி வருவது. நெஞ்சோடு நிறுத்த வேண்டியதை இடுப்பு வரை இழுத்தால் இதுதான் காட்டிக்கொடுக்கும்.

சீவர்ட் வேறு கதை. உறுப்புக்கு உறுப்பு மாறும் புற்றுநோய் அபாயத்தை எடைபோட்டுச் சொல்லும் 'பயனுறு ஏற்பளவின்' அலகு அது. வயிற்று சி.டி.க்கு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து உலக சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 முதல் 3. ஊழியரின் சட்டையில் இருக்கும், கதிர் ஏற்பை அளக்கும் பேட்ஜும், ஆண்டுக்குச் சராசரி 20 என்ற வரம்பும் ஊழியருக்கு மட்டுமே. நோயாளிக்கு அப்படி வரம்பு கிடையாது. இந்த ஸ்கேன் தேவைதானா என்ற கேள்வி உண்டு.

திரை எண்ணை 'கொடுப்பளவு' என்று அழைக்கலாம் என்பது என் கருத்து. குழந்தைகளுக்கு எடுத்ததென்றால் எந்த உருளை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்: அதே ஸ்கேனுக்குச் சிறிய உருளையின் எண், பெரியதன் எண்ணைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.