மூக்குக்குள் ஒரு மண்பானை

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மண்பானை காற்றைப் பார்த்துத்தான் வேலை செய்யும். கத்திரி நாட்களில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று அடிக்கும்வரை தண்ணீர் சில்லென்று இருக்கும். மதியம் கடல்காற்று நுழைந்ததும் எங்களுக்கு நிம்மதி, பானைக்குச் சோம்பல். காற்றில் ஏற்கெனவே ஈரம் மண்டியிருந்தால் பானையில் கசியும் நீர் எளிதில் ஆவியாகாது. ஆவியானால்தானே குளிர்ச்சி?

இந்தப் பானையை மூக்குக்குள் வைத்துக்கொண்டே வாழ்கிறது கங்காரு எலி. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்கள் அதன் ஊர். பின்னங்கால்களால் தத்திப் போவதால் அந்தப் பெயர். மற்றபடி கங்காருவுக்கு அது எந்த வகையிலும் சொந்தமில்லை. காய்ந்த விதைகளைத் தின்று, தண்ணீரே குடிக்காமல் வாழ அதனால் முடியும். குடத்தோடு லாரிக்காகக் காத்து நின்று வளர்ந்த எனக்கு, இதைப் படித்தபோது பொறாமைதான் வந்தது.

அதற்குத் தண்ணீர் வரவு உணவிலிருந்துதான். விதையின் மாவுச்சத்து உடலுக்குள் எரியும்போது, அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. 100 கிராம் பார்லியிலிருந்து இப்படி ஏறத்தாழ 54 கிராம் நீர் கிடைக்கும். செலவு இதைத் தாண்டக் கூடாது. வியர்வை கிடையாது, சிறுநீரோ மிகக் கெட்டி. மிச்சமிருக்கும் பெரிய ஓட்டை மூச்சு.

உள்ளே போகும் காற்று எவ்வளவு வறண்டிருந்தாலும், 38 டிகிரி சூட்டில் ஈரமாக இருக்கும் நுரையீரலை அடையும்போது லிட்டருக்குச் சுமார் 46 மில்லிகிராம் நீரை ஏற்றிக்கொண்டுவிடும். சின்ன உடலுக்கு, எடைக்கு எடை பார்த்தால், நம்மைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் வேண்டும். ஆகவே மூச்சும் அதிகம். அத்தனை ஈரத்தையும் வெளியே விட்டால் எலி காய்ந்தே போகும்.

இங்கேதான் பானை வருகிறது. எலியின் மூக்குக்குள் மெல்லிய எலும்புச் சுருள்கள். அவற்றின் மேல் ஈரச் சவ்வு. வறண்ட காற்று உள்ளே பாயும்போது சவ்வின் நீர் ஆவியாகிச் சுவர் குளிர்கிறது. அடுத்த நொடியில் நுரையீரலின் சூடான ஈரக்காற்று அதே சுவரை உரசிக்கொண்டு திரும்புகிறது. குளிர்ந்த மோர் டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் பூப்பதுபோல, காற்றிலிருந்த நீர் சுவரிலேயே படிந்துவிடுகிறது. அடுத்த மூச்சை ஈரமாக்கவும் சுவரைக் குளிர்விக்கவும் அந்த நீரே போதும்.

1964-இல் டொனால்டு ஜாக்சன், க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். 30 டிகிரி வெப்பமும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை இழுத்த எலி, 27 டிகிரியில் வெளிவிட்டது. உடல் 38, வெளியே 30, மூச்சு 27! முதலில் எழுத்துப் பிழை என்றே நினைத்தேன். பானைத் தண்ணீர் கூடத்தைவிடக் குளிர்ந்திருப்பதை நினைத்த பிறகுதான் பிடிபட்டது. காற்று 15 டிகிரியில் இருந்தபோது மூச்சு 13. அப்போது, ஏற்றிய ஈரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மூக்கிலேயே மீண்டுவிட்டது. 30 டிகிரியிலும் பாதிக்கு மேல்.

நமக்கும் மூக்கில் சுருள்கள் உண்டு, ஆனால் வழி அகலம். நடுவில் ஓடும் காற்று சுவரைச் சரியாகத் தொடாமலே போய்விடுகிறது. முகக்கவசம் போட்டால் கண்ணாடி மூடுபனியாவது அதனால்தான்.

நீரைப் பிடித்துவைக்கும் மூக்கு வெப்பத்தையும் பிடித்துவைக்கும். நாயைப்போல வாய் திறந்து இரைத்து உடலைக் குளிர்வித்துக்கொள்ள இந்த எலிக்குக் கட்டுப்படியாகாது. பகலை வளைக்குள் கழித்துவிட்டு இரவில்தான் இரை தேடும். வளைக்குள் காற்றில் வெளியைவிட ஈரம் அதிகம். அங்கே பானை சரியாகக் குளிராது. ஆனால் இழுக்கும் காற்றே ஈரம் கொண்டுவருவதால் இழப்பும் குறைவு.

ராயபுரத்துக் காற்று அந்த வளையின் பெரிய வடிவம். 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு லிட்டர் காற்று ஏற்கெனவே 25 மில்லிகிராம் நீரோடு மூக்குக்குள் வருகிறது. எங்கள் தெருப் பெருச்சாளிக்கும் மூக்குக்குள் சுருள்கள் உண்டு. குழாயடியில் தேங்கியதைக் குடித்துவிட்டு, கணக்குப் பார்க்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.