குதிரைத்திறனைப் பார்த்து கிளட்ச் வாங்காதீர்கள்

"கார் 300 எச்.பி. வருது, அதுக்குத் தாங்குற மாதிரி ஒரு கிளட்ச் சொல்லுங்க" என்று கேட்டுத்தான் எங்கள் பட்டறைக்குப் பெரும்பாலும் போன் வருகிறது. இதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சரியான கிளட்ச் சொல்ல முடியாது. சொன்னால், அவர் தன் கடையில் கிடப்பதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்றுதான் அர்த்தம். கிளட்சுக்கு எச்.பி. கணக்கு கிடையாது, அது தாங்க வேண்டியது டார்க்கை, அதாவது எஞ்சினின் முறுக்கு விசையைத்தான்.

ஒரு உதாரணம் பாருங்கள். முதல் தலைமுறை ஹோண்டா எஸ்2000, 2 லிட்டர் எஞ்சின், 8,300 ஆர்.பி.எம்.மில் 240 எச்.பி. கொடுக்கும் அசல் ஸ்போர்ட்ஸ் கார். அதன் டார்க் 208 நியூட்டன் மீட்டர்தான். நம் ஊர் சாலையில் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கோடா ஆக்டேவியா 2 லிட்டர் டீசலுக்கு 143 எச்.பி.தான், ஆனால் 1,750 ஆர்.பி.எம்.மிலேயே 320 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அதாவது குடும்பத்தோடு ஊருக்குப் போகிற டீசல் காரின் கிளட்ச், ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்சைவிட ஒன்றரை மடங்கு சுமையைத் தாங்குகிறது. இதே டீசலை ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி, 400 நியூட்டன் மீட்டர் பக்கம் கொண்டுபோனால் முதலில் கையை விரிப்பது கிளட்ச்தான், அதுவும் நான்காவது ஐந்தாவது கியரில் மிதிக்கும்போது. ஆர்.பி.எம். முள் துள்ளி மேலே போகும், வேகம் அங்கேயே நிற்கும், அப்புறம் அந்தத் தீய்ந்த வாடை.

சரி, ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும்? கணக்கு ரொம்ப எளிது. பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை, எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் தட்டு) அழுத்தும் விசை, பிளேட்டின் மேல் இருக்கும் உராயும் பொருளான லைனிங்கின் உராய்வு எண், பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்கள் எத்தனை, இந்த நான்கையும் பெருக்க வேண்டும். 240 மில்லிமீட்டர் பிளேட் என்றால் சராசரி ஆரம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அழுத்தம் 6,000 நியூட்டன், உராய்வு எண் 0.3, முகங்கள் 2. பெருக்கினால் 360 நியூட்டன் மீட்டர். இதைக் கூட்ட வேண்டுமென்றால் இந்த நான்கில் ஏதாவது ஒன்றைத்தான் கூட்டியாக வேண்டும், ஐந்தாவது வழி கிடையாது. ஆகவே "ஸ்டேஜ் 3 கிளட்ச்" என்று ஒருவர் சொன்னால், எதைக் கூட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஸ்டேஜ் 1, 2, 3 என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை, ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளும் பெயர்.

அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும். கால் வலிப்பது மட்டுமில்லை பிரச்சினை. நீங்கள் பெடலை மிதிக்கும்போது அந்த விசை கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளுகிறது, அதைத் தாங்குவது கிராங்கின் த்ரஸ்ட் பேரிங் என்ற சின்னத் துண்டு. கனமான பிரஷர் பிளேட் போட்டுவிட்டு சிக்னலில் முதல் கியரில் பெடலை மிதித்தபடியே நிற்பவர்கள் அந்தப் பேரிங்கைத்தான் தின்றுகொண்டிருக்கிறார்கள். நியூட்ரலுக்கு எடுத்துவிட்டுக் காலை எடுங்கள்.

உராய்வு எண்ணைக் கூட்டினால் வருவது செராமிக், சின்டர்டு மெட்டல் வகை. வட்டமான லைனிங்குக்குப் பதில் மூன்று, நான்கு, ஆறு என்று தனித்தனித் துண்டுகளாக இருக்கும். சூட்டை நன்றாகத் தாங்கும், டிராக்கில் அருமை. ஆனால் மெதுவாகப் பிடிக்கத் தெரியாது. வழக்கமான ஆர்கானிக் லைனிங் போட்ட கார் நகரும் விதம் வேறு, இது நகரும் விதம் வேறு. ரீமேப் செய்த காருக்கு எங்கேயோ இந்த வகையை மாட்டிக்கொண்டு வந்தார் ஒருவர். தினமும் அவிநாசி சாலை நெரிசலில் ஆபீஸ் போய் வருகிறவர். ஒவ்வொரு முறை நகரும்போதும் கார் குதிக்கிறது என்பதால், குதிக்காமல் இருக்க கிளட்சைப் பாதி மிதித்து, ஆக்சிலரேட்டரை ஏற்றி ஓட்டிப் பழகிவிட்டார். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தோம். ஃப்ளைவீல் முகம் முழுக்க நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகக் கருகியிருந்தது, நகத்தை ஓட்டினால் மாட்டுகிற அளவுக்கு மெல்லிய வெடிப்புகள் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடியிருந்தன. பாவம், அவர் மேல் தப்பே இல்லை. அவர் எங்கே ஓட்டுகிறார் என்று விற்றவர் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் சூடு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 1,500 கிலோ காரை ஆர்.பி.எம். குறையாமல் பிடித்துக்கொண்டு, கிளட்சை வழுக்கவிட்டு 36 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவந்தால், காருக்குப் போகிற அதே 75 கிலோஜூல் கிளட்சுக்குள்ளும் சூடாக இறங்குகிறது, ஒரே ஒரு லாஞ்சில், அதாவது நின்ற இடத்திலிருந்து ஒருமுறை பாய்ந்து கிளம்புவதில். நண்பர்கள் வீடியோ எடுப்பதற்காகத் திரும்பத் திரும்ப லாஞ்ச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முகங்களைக் கூட்டுவதுதான் என் கணக்கில் நல்ல வழி, செலவு இருந்தாலும். இரட்டை பிளேட் போட்டால் முகங்கள் 4 ஆகிவிடும், அதே அழுத்தத்தில் இரண்டு மடங்கு டார்க், பெடல் கனக்காது. ஐடிலில் கலகலவென்று சத்தம் வரும் சில செட்களில், பழகிவிடும். போர்ஷே கரேரா ஜிடி என்ன செய்தது தெரியுமா? 590 நியூட்டன் மீட்டரை வெறும் 169 மில்லிமீட்டர் விட்டமுள்ள செராமிக் இரட்டை பிளேட்டில் தாங்கவைத்தார்கள். கிளட்ச் சிறியதானதால் எஞ்சினைத் தரையை ஒட்டி இறக்கி வைக்க முடிந்தது. ஆனால் அந்தக் கார் நகர்த்துவதற்குள் எஞ்சின் நின்றுபோவதில் பேர்போனது. 612 எச்.பி. காரையே கிளட்ச் தெரியாதவரால் கிளப்ப முடியாது என்றால், உங்கள் ஓட்டும் பழக்கமும் இந்தத் தேர்வில் ஒரு பகுதிதானே.

இன்னொரு ஆசை, "எதுக்கும் இருக்கட்டும், இருப்பதிலேயே பலமானதைப் போடுங்க" என்பது. வேண்டாம். கிளட்ச் ஒருவகையில் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஃபியூஸ் போல. அது கொஞ்சம் வழுக்கினால் கியர் பற்களும் டிரைவ் ஷாஃப்டும் பிழைக்கும். பின்சக்கர டிரைவ் காரில் டயராவது சுழன்று அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ மாதிரி நான்கு சக்கரமும் பிடிக்கிற காரில் அந்த வசதியும் இல்லை, முழு அடியும் கியர்பாக்ஸுக்கு. எஞ்சின் டைனோவில் (சக்தியை அளக்கும் கருவியில்) காட்டும் அதிகபட்ச டார்க்குக்கு மேல் 20 முதல் 30 சதவீதம் இடைவெளி இருந்தால் தெரு காருக்குப் போதும். அந்த எண் எஞ்சினில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா என்பதையும் பாருங்கள்.

இனி சொல்லப்போவது பணம் சம்பந்தப்பட்டதல்ல, கால் சம்பந்தப்பட்டது. கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் காரோடு வந்த ஸ்டாக் ஃப்ளைவீலையே கொடுத்து நாலைந்து கிலோ சீவி "லைட்" ஆக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது வார்ப்பிரும்பு. 280 மில்லிமீட்டர் ஃப்ளைவீல் 8,000 ஆர்.பி.எம்.மில் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு 420 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 6,000-லிருந்து 8,000-க்குப் போகும்போது உலோகத்தைப் பிய்க்கும் விசை ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. ஏற்கெனவே கருகி வெடிப்பு விட்ட வார்ப்பிரும்பு அங்கே சிதறினால், கிளட்சை மூடியிருக்கும் அலுமினிய பெல் ஹவுசிங் அதைத் தடுக்காது, பின்சக்கர டிரைவ் காரில் அதற்கு அடுத்து இருப்பது டிரைவரின் பாதம். எடை குறைந்ததுதான் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த ஸ்டீல் ஃப்ளைவீலை, எஸ்எஃப்ஐ 1.1 (ரேஸ் பாகங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முகத்தை மட்டும் சமன் செய்யச் சீவுவது வேறு விஷயம், கம்பெனி சொன்ன குறைந்தபட்ச தடிமனுக்குள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள். கசியும் சீலிலிருந்து வரும் ஆயில் புது பிளேட்டில் பட்டால் அந்த பிளேட் போச்சு, மறுபடி அதே இறக்குகூலி. மாட்டிய பிறகு முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் சாதாரணமாக ஓட்டுங்கள், நிறைய நின்று கிளம்புகிற மாதிரி. நேராக ரேஸ் டிராக்கான கரி ஸ்பீட்வேக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓட்டிய 800-ம் இந்தக் கணக்கில் சேராது.