கரண்ட் வைக்கும் நாட்களில் ஒரு பீடி

"வர்றது வந்தாச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது?" தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்க வருபவர்கள் பலரும் சொல்வது இது. ஊர்ப்பேச்சில் இந்தச் சிகிச்சைக்குக் 'கரண்ட் வைப்பது' என்று பெயர். தலை அசையாமலிருக்க மாட்டும் முகமூடியின் வலைத்தடம் கன்னத்தில் மறைவதற்குள், டீக்கடை ஓரமாகப் பீடி பற்றவைப்பவர்கள் உண்டு. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பீடி கரண்டை என்ன செய்கிறது என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

கதிர், புற்றுச் செல்லுக்குள் நீர் மூலக்கூறுகளை உடைக்கிறது. அதில் பிறக்கும் துகள்கள் டி.என்.ஏ. இழையைக் காயப்படுத்துகின்றன. அருகில் ஆக்சிஜன் இருந்தால் அது காயத்தில் ஒட்டிக்கொண்டு ஆறவிடாமல் செய்துவிடும். இல்லாவிட்டால் செல் தன்னைச் சரிசெய்துகொண்டு பிழைத்துவிடும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய 3 மடங்கு கதிர் வேண்டும்.

பீடிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். கட்டியின் உள்பகுதிக்கு ஏற்கெனவே ரத்தம் சரியாகப் போவதில்லை. போகிற ரத்தத்திலும் ஆக்சிஜன் குறைந்தால் கட்டிக்குத்தான் லாபம். கனடாவில் கதிர்வீச்சு எடுத்த 115 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1993இல் வெளிவந்தது. சிகிச்சையின்போதும் புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கே கட்டி முழுதாக மறைந்தது. புகைக்காதவர்களில் 74 சதவீதம். இரண்டு ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள் முறையே 39 சதவீதம், 66 சதவீதம்.

நல்ல சேதி, புகையை நிறுத்தினால் 4, 5 மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகிவிடும். ராத்திரி விட்டவருக்கு மறுநாள் காலைக் கரண்டுக்குள் பெரும்பகுதி வெளியேறியிருக்கும்.

விடுவதுதான் கஷ்டம். இழுத்த சில விநாடிகளில் மூளைக்குப் போய்ப் பழகிய நிகோட்டின் இல்லாமல் முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம். புற்றுநோய் பயமும் சேர்ந்த நேரம் அது. நிகோட்டின் பேட்ச் இதற்காகத்தான்: தோல் வழியே நிகோட்டின் மட்டும் மெல்ல இறங்கும், கார்பன் மோனாக்சைடு கிடையாது. நிகோட்டின் சூயிங்கமும் உண்டு; ஆனால் கரண்டில் வாய் புண்ணாகிப்போனவர் எதை மெல்வார்? வரனிக்ளின் மாத்திரை, மூளையில் நிகோட்டின் உட்காரும் இடத்தில் (ஏற்பியில்) தான் உட்கார்ந்து ஏக்கத்தைத் தணிக்கும். எது பொருந்தும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமில்லாமல் ஆலோசனையும் கிடைக்கும்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். தடுமாறி ஒன்று பிடித்துவிட்டாலும் சத்தம் போடாதீர்கள். பயந்தவர் கழிப்பறைக்குள் ஒளிந்து பிடிப்பார். மருத்துவர் கேட்டால் "விட்டுட்டேன் சார்" என்பார். பேட்ச் அளவைக் கூட்ட வேண்டும் என்பது மருத்துவருக்கு எப்படித் தெரியும்?