தத்துவமா, மெய்யியலா?

சென்ற மாதம் கும்பகோணத்தில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் மணிமேகலையைப் பற்றிப் பேச வந்தவர், 'இக்காப்பியத்தின் தத்துவம் என்னவென்றால்' என்று தொடங்கி, இளமை நிலையாது, செல்வம் நிலையாது என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். பேசியவரைவிட அவர் கையாண்ட சொல்லின் மீதே எனக்கு வருத்தம். நாள்காட்டித் தாளின் அடியில் அச்சிட்ட பொன்மொழியும் தத்துவம், நிலையாமையைச் சொல்லும் திரைப்பாட்டும் தத்துவப் பாடல், பல்கலைக்கழகத்தில் பயிலும் துறையும் தத்துவம் என்றால், கேட்பவர் எதை எண்ணுவார்? ஆங்கிலத்தில் பிலாசபி எனப்படும் அத்துறைக்குத் தமிழில் எச்சொல் தகும் என்பதே என் கேள்வி.

பிலாசபி என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'அறிவின்பால் அன்பு' என்று பொருள். அது தேடலைக் குறிக்கிறது, தேடிக் கண்டதை அன்று. தத்துவம் என்பது 'அதுவாம் தன்மை' என்று பொருள்படும் வடசொல்.

தருமபுரம், திருவாவடுதுறை மடங்கள் சைவ சித்தாந்தம் வளர்த்த இக்காவிரிக் கரையில் தத்துவம் என்ற சொல்லுக்கு, உயிருக்குக் கருவியாக அமைவது என்று வரையறுத்த பொருள் உண்டு. ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5, ஆகத் தத்துவங்கள் 36. அவற்றின் காரியங்களான தாத்துவிகங்கள் 60ஐயும் கூட்டினால் 96. மாயையிலிருந்து தோன்றும் இக்கருவிகளை உயிர் கடந்தாக வேண்டும் என்பது சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தையே மொழிபெயர்ப்பாளர்கள் 'சைவத் தத்துவம்' என்று எழுதும்போது, உறுப்பின் பெயரை முழுமைக்குச் சூட்டிவிடுகிறார்கள். 'எங்கள் நிறுவனத்தின் தத்துவம்' என்று விளம்பரத்தில் எழுதுவோருக்குக் கொள்கை என்ற சொல் ஏன் கைக்கு வரவில்லை என்பதும் எனக்கு விளங்கவில்லை.

தரிசனம் என்போரும் உண்டு. வடமொழியில் அது தகுந்த சொல்லே. ஆனால் தமிழ்ப் பேச்சில் அது கோயில் சன்னதியோடு சேர்ந்துவிட்டது. தவிரவும், கண்டு முடித்ததைச் சொல்லும் அச்சொல்லில் வாதத்துக்கு இடமில்லை.

மெய்யியல் என்பதே தக்க சொல். மெய் என்றால் உடம்பு, மெய்யெழுத்து என்றெல்லாம் பொருள் வருமே, குழப்பாதா என்று கேட்கிறார்கள். குறளில் மெய்யுணர்தல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதை உடம்பை உணர்தல் என்று எவரும் கொண்டதில்லை. அவ்வதிகாரத்தின் 355ஆம் குறளும் அறிவுடைமையின் 423ஆம் குறளும் 'மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்று ஒன்றுபோலவே முடிகின்றன. பொருள் எத்தன்மையதாகத் தோன்றினும், யார் வாயிலிருந்து வரினும், அதன் உண்மையை நாமே ஆராய்ந்து காண வேண்டும் என்கிறபோது, அங்கே சொல்லப்படுவது ஒரு செயல். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தில் அத்துறைக்கு மெய்யியல் என்றே பெயர். அங்கே அது குழப்பவில்லை.

இலக்கியத்தில் தத்துவம் எங்கே என்று தேடுபவர், பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுப்பதுபோல ஒரு முடிவுரையை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார். மெய்யியல் எங்கே என்று கேட்டிருந்தால், கண் நேராக மணிமேகலையின் 27ஆம் காதைக்குப் போயிருக்கும். காவிரி கடலோடு கலக்கும் புகாரில் பிறந்த அப்பெண், வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை பல சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் காண்பதே அளவை, அதாவது அறியும் வழி, கருத்தளவை எனும் அனுமானம் பொய் என்கிறான் உலகம் பூதங்களால் ஆனது என்னும் பூதவாதி. அப்படியானால் உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று அவள் கேட்கிறாள். கதையும் வாதமும் அங்கே ஒரே மூச்சில் நடக்கின்றன. ஒன்றரை மணி நேரம் நடந்த கும்பகோணத்துக் கூட்டத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் எடுக்கவில்லை.